டிராகன்ஸ்பெர்க் குளிரில் 120 பிலிம்: குறைந்த செலவில் எந்த கேமரா, எந்த ரோல், மீட்டர் எப்படி?

ஹைவெல்ட்_காற்று (ஜோஹன்னஸ்பர்க்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை நடுவில் டிராகன்ஸ்பெர்க் போகிறோம். முதலில் அண்டர்பெர்கில் தங்கி, சானி பாஸ் ஏறி லெசோதோ எல்லை வரை. பிறகு வடக்கே ராயல் நேட்டல், ஆம்ஃபிதியேட்டர் பக்கம். அந்த வாரம் குளிர்க்காற்று ஏறினால் மேலே பனி கிடைக்கும். ஏறாவிட்டால் காலை உறைபனி, காய்ந்த புல், நீல வானம், அவ்வளவுதான். இரண்டுக்கும் தயாராகப் போக வேண்டும்.

35 மிமீ பிலிம் பழக்கம் உண்டு. கருப்பு வெள்ளையை வீட்டிலேயே டெவலப் செய்கிறேன். மீடியம் பார்மட் (120 ரோலில் எடுக்கும் பெரிய நெகட்டிவ்) புதிது. என் பட்ஜெட்டுக்குள் மூன்று கேமராக்கள் விலைக்கு வந்திருக்கின்றன:

வெளிச்சம் அளக்கும் மீட்டர் செத்துப்போன யாஷிகா மேட் 124ஜி.
லூபிடெல் 166 யுனிவர்சல்.
75 மிமீ லென்ஸோடு ப்ரோனிகா ஈடிஆர்எஸ் (மூன்றில் இதுதான் விலை கூட).

ஒன்றுதான் வாங்க முடியும். ரோல் விலையும் டெவலப்பர் விலையும் சேர்த்துப் பார்த்தால் வீணாக்க ஒரு பிரேம் கூட இல்லை. அதனால் கேள்விகள்: குளிரில் இவற்றில் எது கைவிடாது? 100 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) பிலிமா, 400ஆ? பனியை மீட்டர் நம்பி எடுத்தால் சாம்பலாக வரும் என்று தெரியும், ஆனால் எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டுவது? வெளியே குளிர், உள்ளே ஹீட்டர் என்று மாறி மாறிப் போகும்போது கேமராவை எப்படிக் காப்பது?

---

இருட்டறை_டர்பன்:

யாஷிகாவை எடுங்கள். மீட்டர் செத்திருப்பது ஒரு குறையே அல்ல, விலையைக் குறைக்கக் கிடைத்த காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது. அந்த பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் ஜிங்க்-ஏர் பேட்டரியை மாற்றாகப் போடுவார்கள், அதுவும் குளிரில் தளர்ந்துவிடும். கேமராவின் மற்ற எதற்கும் பேட்டரி தேவையில்லை. கோபால் எஸ்வி ஷட்டர், 1 நொடியிலிருந்து 1/500 வரை முழுக்க இயந்திரம். 80 மிமீ எஃப் 3.5 யாஷினான் நான்கு கண்ணாடி லென்ஸ், எஃப் 8, எஃப் 11இல் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும்) நிலக்காட்சிக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை. எடுக்கும்போது உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி எழும்பி அதிராது. அதனால் மூச்சை அடக்கி நின்றால் 1/30இல் கையிலேயே எடுக்கலாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை:

மெதுவான வேகங்கள்தான் முதல் சோதனை. 1, 1/2, 1/4, 1/8 ஒவ்வொன்றையும் ஓட்டி, போனில் ஒலியைப் பதிவு செய்யுங்கள். திறக்கும் ஒலிக்கும் மூடும் ஒலிக்கும் உள்ள இடைவெளியை அலைவடிவத்தில் அளக்கலாம். 1/30 வரை இந்த முறை போதும். பிறகு கேமராவை ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் (உறைவிப்பானில் அல்ல) வைத்து, எடுத்த உடனே பையின் வழியாகவே அழுத்தி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பையைத் திறந்தால் ஈரம் படியும், கேமரா அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய ஷட்டரில் குளிர் முதலில் பிடிப்பது மெதுவான வேகங்களின் பற்சக்கரத் தொடரைத்தான். பழைய எண்ணெய் கெட்டியாகி சக்கரங்கள் தயங்கும். 1/125க்கு மேல் அந்தத் தொடரின் பங்கு குறைவு, அதனால் வெயிலில் பனியை எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. விடியற்காலை 1/8இல்தான் அது 1/4 ஆகியிருக்கும். ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தை நெகட்டிவ் தாங்கும். ஆனால் பிரிட்ஜில் வைத்த பிறகு ஷட்டர் திறந்தபடியே நின்றால், இதழ்களில் எண்ணெய் ஏறியிருக்கிறது. அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள், அல்லது சர்வீஸ் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம். வயதான டைமர் பாதியில் நின்றால் ஷட்டரும் அதோடு நிற்கும். பின்மூடியைத் திறந்து, அழுத்துத் தகடு 12 பிரேம் நிலையில் இருக்கிறதா பாருங்கள். 24 என்பது இரட்டை நீள 220 ரோலுக்கு. கடற்கரையில் வைத்திருந்த கேமரா என்றால் லென்ஸில் பூஞ்சை கட்டாயம் தேடுங்கள், டர்பன் ஈரக்காற்று அதற்குத் தீனி. டார்ச்சை லென்ஸுக்குப் பின்னால் பிடித்து முன்னாலிருந்து சாய்வாகப் பார்த்தால் நூல் நூலாகத் தெரியும்.

ப்ரோனிகா மட்டமான கேமரா இல்லை. 120இல் 15 பிரேம் கிடைக்கும், யாஷிகாவில் 12. ஒரு படத்தின் செலவு அந்த அளவுக்குக் குறையும். பின்பெட்டியை மாற்றி ரோலின் நடுவிலேயே கலருக்குப் போகலாம். ஆனால் ஷட்டர் மின்னணு. 6 வோல்ட் பேட்டரி குளிரில் படுத்தால் 1/500 ஒன்றுதான் ஓடும். வாங்கினால் ஆல்கலைன் 4எல்ஆர்44 போடாதீர்கள். பிஎக்ஸ்28எல் லித்தியம் குளிரைத் தாங்கும், மாற்று ஒன்று சட்டையின் உட்பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

லூபிடெல் மலிவு. 75 மிமீ எஃப் 4.5 மூன்று கண்ணாடி லென்ஸ், எஃப் 11க்குக் கீழே ஓரங்கள் குழையும். வேகம் 1/250க்கு மேல் இல்லை. பார்க்கும் திரையில் நடுவில் உள்ள சின்ன வட்டத்தில்தான் போகஸ் தெரியும், கையுறையோடும் கண்ணில் நீரோடும் நிற்கும் விடியலில் அது சிரமம்.

---

பெர்க்_பாதை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

கேமராவில் எனக்கும் அதே கருத்து. நான் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன், பெர்க் குளிர்காலத்தில் படம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் திசை. நமக்கு ஆனி ஆடிதான் குளிர்காலம், சூரியன் வடக்கே நிற்கிறது. ஜூன் கடைசியில் டிராகன்ஸ்பெர்கில் நண்பகலிலும் அது அடிவானத்திலிருந்து சுமார் 37 டிகிரிக்கு மேல் ஏறாது. நாள் முழுக்கப் பக்கவாட்டு வெளிச்சம், நிழல் நீளம். கோடையில் மூட்டை கட்டி வைக்கும் மதிய நேரத்தைக் குளிர்காலத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் குவாசூலு-நேட்டல் பக்கம் மலைச்சுவர் கிழக்கு பார்த்தது. விடியலில் முழுச் சுவரும் சிவக்கும், பிற்பகலில் தன் நிழலிலேயே மூழ்கிவிடும். ராயல் நேட்டலில் ஆம்ஃபிதியேட்டரை எடுக்க வேண்டுமானால் ஆறு மணிக்கே ட்ரைபாட் நிற்க வேண்டும். சூரியன் ஏழுக்குச் சற்று முன் வரும், நிறம் ஒரு பத்து நிமிடம் நிற்கும். டீஎல்ஆரில் (யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கேமரா) ஒரு ரோலை மாற்ற அதில் பாதி போய்விடும், அதனால் புது ரோல் போட்டுத் தயாராக நில்லுங்கள்.

இனி அளவு. மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக்கும் கணக்கைத்தான் சொல்லும். வெயில் பட்ட பனியை மட்டும் அளந்தால் 2 ஸ்டாப் கூட்டுங்கள்: வெள்ளையாகவும் வரும், அதன் மேல் காற்று வரைந்த கோடுகளும் நிற்கும். பனி காட்சியில் பாதிதான், மீதி பாறை என்றால் பொது அளவுக்கு 1 ஸ்டாப் போதும். மேகமூட்டத்தில் ஒன்றரை. உறைபனி படிந்த புல்லுக்கு முக்கால் முதல் 1. காய்ந்த புல் நடுச் சாம்பலைவிடச் சற்றே வெளிர், அரை ஸ்டாப் கூட்டினால் சரி. மேல் அடுக்கின் பசால்ட் பாறை நேர்மாறு, அது கருப்பு. அதை அளந்து அப்படியே எடுத்தால் பனி மொத்தமாக வெளுத்துப்போகும், 1 ஸ்டாப் குறைக்க வேண்டும். கீழே வெளிர்மஞ்சளாகத் தெரியும் கிளாரன்ஸ் மணற்கல் வெயிலில் காய்ந்த புல்லைப் போலத்தான்.

உள்ளங்கையை அளந்து 1 ஸ்டாப் கூட்டு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது வெளிர்நிறக் கைக்குச் சொன்ன கணக்கு. உங்கள் கையை ஒரு சாம்பல் அட்டைக்குப் பக்கத்தில் ஒரே வெயிலில் வைத்து இரண்டையும் அளந்து, வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கால் ஸ்டாப்பாக இருக்கலாம், முக்காலாக இருக்கலாம். கை கோடை குளிர் எல்லாவற்றுக்கும் கூடவே வரும், அதனால் இது நல்ல முறைதான், அளந்த பிறகு.

மீட்டரே வேண்டாம் என்றால் சன்னி 16 (வெயிலில் எஃப் 16 வைத்து, ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டர் வேகமாக்கும் கணக்கு) இங்கே கச்சிதமாக வேலை செய்யும், ஏனென்றால் குளிர்கால வானம் அவ்வளவு தெளிவு. 100 ஐஎஸ்ஓவில் காய்ந்த புல்வெளி 1/125, எஃப் 16. பனி சூழ்ந்த இடம் 1/125, எஃப் 22. சூரியன் அடிவானத்திலிருந்து ஒரு முழம் உயரும் வரை இந்தக் கணக்கு செல்லாது, அப்போது அளந்தே ஆக வேண்டும்.

இதிலேயே பிலிம் கேள்விக்கும் பதில் இருக்கிறது. 400 ஐஎஸ்ஓவை வெயில் பனியில் போட்டால் 1/500, எஃப் 22இல் போய் முட்டும். அபெர்ச்சரைத் திறக்க இடமே இல்லை, எஃப் 22இல் கூர்மையும் கொஞ்சம் குறையும். பகலுக்கு எஃப்பி4 பிளஸ் (125), கென்ட்மியர் 100, ஃபோமாபான் 100 ஏதாவது ஒன்று. விடியலுக்கும் மூடுபனிக்கும் இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் (400). செலவைக் குறைக்க வேண்டுமானால் பகல் ரோல்களில் ஃபோமா அல்லது கென்ட்மியர் போடுங்கள், திரும்பக் கிடைக்காத விடியலுக்கு இல்ஃபோர்ட் இருக்கட்டும்.

ஃபோமாபானில் ஒரு எச்சரிக்கை: நீண்ட எக்ஸ்போஷரில் அதன் வேகம் பயங்கரமாக விழும். மீட்டர் 1 நொடி சொன்னால் 2, 10 நொடி சொன்னால் 80. எச்பி5இல் அதே 10 நொடிக்கு 20 போதும். விடியலுக்கு முன் நீல வெளிச்சத்தில் 80 நொடி காற்றில் ட்ரைபாட் அசையாமல் நிற்பது கடினம்.

ஃபில்டர்: மஞ்சள் ஒன்று போதும். பனியின் நிழல்கள் வானத்தின் நீலத்தை வாங்கி நிற்கும். மஞ்சள் அந்த நீலத்தைத் தடுக்க, நிழல் கருத்து, பனியின் மேடு பள்ளம் எழுந்து வரும். 1 ஸ்டாப் கூட்டணும். ஆரஞ்சு 2 ஸ்டாப், வானத்தைப் புயல்வானமாக்கும், பசால்ட் நிழல்களில் உள்ள விவரத்தையும் விழுங்கும். 2,800 மீட்டருக்கு மேல் வானம் ஏற்கெனவே கருநீலம், சிவப்பு தேவையே இல்லை. யாஷிகாவுக்கு பயோனெட் 1 அளவு வேண்டும், சாதாரணத் திருகு ஃபில்டர் நேரடியாக ஏறாது. அதே அளவில் லென்ஸ் ஹூட்டும் வாங்குங்கள். கீழிருந்து பனி எறியும் வெளிச்சத்துக்கு ஹூட் அவசியம்.

சானி பாஸ் உச்சி 2,876 மீட்டர். நாலு சக்கர ஓட்டம் உள்ள வண்டி இல்லாமல் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியில் மேலே விடமாட்டார்கள், பாஸ்போர்ட்டும் கேட்பார்கள். நிழல் விழும் வளைவுகளில் பனிக்கட்டி நாள் முழுக்க உருகாது. மாலை வெளிச்சத்துக்காக மேலேயே காத்திருக்காதீர்கள், சாவடி மூடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

---

மடிப்பு_கேமரா (கேப் டவுன்):

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்லலாமா? செலவுதான் முதல் கவலை என்றால் 1950களின் மடிப்பு கேமரா. ஜைஸ் ஐகான் நெட்டார் 517/16 யாஷிகாவைவிடப் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும், மடித்தால் ஜாக்கெட் பையில் போகும். அதன் வேரியோ ஷட்டரில் 1/25, 1/75, 1/200, பிறகு பி (அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்), அவ்வளவுதான். குளிரில் தயங்குவதற்கு மெதுவேகச் சக்கரங்களே அதில் கிடையாது. பெர்க்_பாதை சொன்ன 100 ஐஎஸ்ஓ பிலிமுக்கு அந்த மூன்று வேகம் போதும்.

போகஸைத் தூரம் கணித்து வைக்க வேண்டும். நிலக்காட்சிக்கு அது பிரச்சினை இல்லை: 75 மிமீ லென்ஸை எஃப் 16இல் 7 மீட்டரில் வைத்தால் மூன்றரை மீட்டரிலிருந்து முடிவிலி வரை எல்லாம் கூர்மை. எஃப் 11 என்றால் 10 மீட்டரில் வையுங்கள், 5 மீட்டரிலிருந்து கிடைக்கும்.

பெல்லோஸில்தான் (லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்பு உறை) கவனம். இருட்டறையில் டார்ச்சை உள்ளே விட்டு, மூலைமடிப்பு ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். அக்ஃபா ஐசோலெட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் பெல்லோஸ் மூலைகளில் ஊசித்துளை விழுவது வழக்கம், முன்கண்ணாடியைச் சுற்றிய பச்சை மசகு இறுகி போகஸ் திரும்பாமல் போவதும் வழக்கம். நெட்டாரின் பெல்லோஸ் பெரும்பாலும் இன்றும் நன்றாக இருக்கிறது.

குளிரில் இரண்டு பழக்கம் வேண்டும். ஒன்று, பொத்தானை அழுத்தி லென்ஸைத் துள்ள விடாதீர்கள். குளிர்ந்த பெல்லோஸ் விறைப்பு. வேகமாக விரிந்தால் உள்ளே காற்று உறிஞ்சி பிலிமையே முன்னால் இழுத்து வளைத்துவிடும், படத்தின் நடுப்பகுதி மசங்கும். கதவை விரலால் தாங்கி மெதுவாகத் திறவுங்கள், திறந்த பிறகே அடுத்த பிரேமுக்குச் சுற்றுங்கள். சுற்றும்போது பிலிம் மறுபடி இழுபட்டுத் தட்டையாகும்.

இரண்டு, பின்னாலுள்ள சிவப்பு ஜன்னல். அது சிவப்பு உணராத பழைய பிலிம்களுக்காக வைத்தது. இன்றைய பிலிம்கள் பெரும்பாலும் சிவப்பையும் உணரும். வெயில் பனியில் நாலா பக்கமும் வெளிச்சம், ஜன்னல் வழியாக உள்ளே கசிந்து பிலிமின் பின்தாளில் உள்ள எண்கள் படத்தில் பதிந்துவிடும். கருப்பு டேப்பால் மூடி, உடம்பின் நிழலில் திரும்பி நின்று, சுற்றும்போது மட்டும் தூக்குங்கள். லூபிடெல் வாங்கினாலும் இதேதான்.

பென்டகான் சிக்ஸ், கீவ் 60 இரண்டும் மலிவாகக் கண்ணில் படும். பிரேம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது அவற்றின் பழைய நோய், பிரதிபலிப்புக் கண்ணாடி எழும்பும் அதிர்வும் பலம். இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

---

இருட்டறை_டர்பன்:

நெட்டார் நல்ல யோசனை, தள்ளவில்லை. ஆனால் விடியல்தான் இந்தப் பயணத்தின் முக்கிய வேளை என்றால் 1/25க்கும் பிக்கும் நடுவில் ஒன்றுமில்லாதது உறுத்தும். 1/4, 1/2 நொடியை பியில் கையால் பிடிப்பது சரியாக வராது. எஃப் 22க்கு இறுக்கி 2 நொடிக்கு மேல் கொண்டுபோய் கேபிள் ரிலீஸில் எண்ணலாம், அது வழி. திரையில் பார்த்துச் சட்டகம் அமைக்கும் வசதி, பிலிமைச் சுற்றும் கொக்கியோடு ஷட்டரும் ஏறுவதால் ஒரே பிரேமில் இரண்டு படம் விழாத வசதி, இரண்டும் முதல் மீடியம் பார்மட்காரருக்கு யாஷிகாவில் கிடைக்கும்.

---

ஹைவெல்ட்_காற்று:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. யாஷிகாவே முடிவு, இன்று பிரிட்ஜ் சோதனைக்கு விற்பவர் சம்மதித்துவிட்டார். ஈரம் படிவதைப் பற்றியும், காற்றில் ரோல் மாற்றுவது பற்றியும் யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா? ஜோபர்கில் ஜூலையில் சட்டையைக் கழற்றினாலே பொறி பறக்கிறது, பிலிமில் மின்னல் கோடு விழும் என்கிறார்களே, அது உண்மையா? இரண்டு கலர் ரோலும் எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.

---

இருட்டறை_டர்பன்:

உண்மைதான் தம்பி. குளிர்ந்த பிலிம் விறைப்பாகும், காற்று வறண்டிருந்தால் தேய்மானத்தில் நிலைமின்சாரம் சேரும். வேகமாகச் சுற்றினால் அது பிலிம் மேலேயே பொறியாகி, கிளை கிளையாகக் கோடு விழும். யாஷிகாவின் கொக்கியை ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு நொடி எடுத்துச் சுற்றுங்கள், பின்னோக்கித் திருப்பி ஷட்டர் ஏற்றுவதையும் அதே நிதானத்தில். பிரேமுக்குப் பிரேம் சுற்றி வைத்துக் காத்திருக்காமல், எடுக்கத் தயாரானதும் சுற்றுவது நல்லது.

ரோல் போடும்போது: 120 ரோலுக்கு டப்பா கிடையாது, தாளின் இறுக்கம்தான் அதன் காப்பு. காகிதப் பட்டையைக் கிழித்த பிறகு கட்டைவிரலை ரோல் மேலிருந்து எடுக்காதீர்கள். தளர்ந்தால் ஓரங்களில் வெளிச்சம் ஏறும். வண்டியின் நிழல், உங்கள் உடம்பின் நிழல், எதுவானாலும் நிழலில் போடுங்கள். தாளின் நுனியை வெறும் ஸ்பூலின் நீளமான பிளவில் நேராகச் செருகி, இரண்டு சுற்று கையால் திருப்பி, தாளின் அம்புக்குறி கேமராவின் தொடக்கப் புள்ளிக்கு நேராக வந்ததும் மூடி, கொக்கி தானாக நிற்கும்வரை சுற்றினால் முதல் பிரேம். அம்புக்குறியைத் தாண்டிவிட்டால் கடைசிப் படம் பாதியில் வெட்டுப்படும். முடிந்த ரோலை இறுக்கிப் பிடித்து, நுனியை உள்ளே மடித்து, பசைப்பட்டையை ஈரமாக்கி ஒட்டுங்கள். வறண்ட குளிரில் அந்தப் பசை சரியாகப் பிடிக்காமல் போகும், அதனால் சின்ன ரப்பர் பேண்டுகள் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒட்டியதை உடனே அலுமினியத் தாளிலோ அது வந்த உறையிலோ சுற்றி வையுங்கள். மெல்லிய உள்கையுறை போட்டுக்கொண்டால் இத்தனையும் விரல் விறைக்காமல் செய்யலாம். வெளிக்கையுறையைக் கயிறு கட்டி மணிக்கட்டில் தொங்கவிடுங்கள்.

பார்க்கும் திரையின் மேல் மூச்சு விடாதீர்கள். குனிந்து பார்க்கும்போது மூச்சு நேராகக் கண்ணாடியில் போய்ப் படிந்து, உறைந்தால் துடைக்கவும் வராது. பக்கவாட்டில் ஊதிவிட்டுக் குனியுங்கள்.

ஈரம். வெளியே குளிரில் இருக்கும்போது ஈரம் படியாது, உள்ளே வரும்போதுதான் படியும். 20 டிகிரி அறையில் பாதி ஈரப்பதம் இருந்தாலே சுமார் 9 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருள் மேலும் நீர் கோத்துக்கொள்ளும். 0 டிகிரியிலிருந்து வந்த உலோகக் கேமரா 9 டிகிரியைத் தாண்ட நேரமாகும். அதனால் வாசலுக்கு வெளியிலேயே பெரிய ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடி, உள்ளே கொண்டுவந்து இரண்டு மூன்று மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். நீர் பையின் வெளிப்பக்கத்தில் படியும், கேமரா காய்ந்தபடியே இருக்கும். சமையல் நடக்கும் இடத்திலும் ஈரத்துணி காயும் இடத்திலும் வைக்காதீர்கள்.

வண்டியிலும் இதே கதை. ஹீட்டர் ஓடும் முன்பகுதியில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சானி ஏறினால், ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் லென்ஸின் உள்பக்கம் மூடுபனி. பின்டிக்கியில் குளிரிலேயே விட்டுவிடுங்கள். நாள் முழுக்க ஒரே வெப்பநிலையில் இருந்தால் அது பாட்டுக்கு வேலை செய்யும். இரவிலும் வண்டியிலேயே விடலாம், திருட்டுப் பயம் இல்லாத இடமென்றால். பிலிமை மட்டும் உள்ளே எடுத்துப் போகும்போது அதன் உறை பிரிக்காமல் இருந்தால் கவலையே இல்லை.

---

கலர்_120 (சாட்ஸ்வர்த்):

கலருக்கு கோடாக் கோல்ட் 200 போதும். 2022இலிருந்து 120இல் வருகிறது, போர்ட்ராவைவிட விலை குறைவு. ஒரு ஸ்டாப் கூட விழுந்தாலும் நன்றாகவே ஸ்கேன் ஆகும், ஒரு ஸ்டாப் குறைந்தால் நிழல்கள் சேறாகும். 100 என்று வைத்து அளந்தால் பயமில்லை. பனியின் நிழல் நீலமாகவே வரும். அதை ஸ்கேனில் முழுக்க நீக்கச் சொன்னால் வெயில் பட்ட பனி மஞ்சளடிக்கும், கொஞ்சம் நீலம் இருப்பதுதான் சரி.

ரோல் மீந்தால் ஆடியில் டர்பன் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் விடியற்காலைக்கு வையுங்கள். பானையிலிருந்து எழும் ஆவி, பின்னால் சாய்ந்த வெயில், 1/60, எஃப் 4: 6×6 சதுரப் பிரேமுக்கு இதைவிட நல்ல காட்சி குளிர்காலத்தில் குறைவு. கடற்கரை என்பதால் குளிர்ப் பிரச்சினை எதுவும் இல்லை, ஆனால் ஈரக்காற்றில் எடுத்த ரோலை மாதக்கணக்கில் வைக்காமல் டெவலப் செய்துவிடுங்கள். ஈரம் ஏறினால் பின்தாளின் எண்கள் படத்தில் பதியும்.

---

பெர்க்_பாதை:

டெவலப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் பனியின் வெள்ளை காப்பாற்றப்படுகிறது. வெயில் பனியும் நிழல் பசால்ட்டும் ஒரே சட்டகத்தில் இருந்தால் வித்தியாசம் சாதாரணமாக ஏழு ஸ்டாப்பைத் தாண்டும். அந்த ரோலை முழுக்க ஒரு ஸ்டாப் கூடுதலாக எடுத்து, டெவலப் நேரத்தை 15லிருந்து 20 சதவீதம் குறையுங்கள். எச்பி5 பிளஸை 200 என்று வைத்து எடுத்து, ஐடி-11 டெவலப்பர் 1+1இல் (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்) 20 டிகிரியில் வழக்கமான 13 நிமிடத்துக்குப் பதில் பத்தரை. எஃப்பி4 பிளஸை 64 என்று வைத்து, அதே கரைசலில் 11 நிமிடத்துக்குப் பதில் 9. நிழலில் விவரம் இருக்கும், பனி அடைத்துப்போகாது. மூடுபனியில் எடுத்த ரோலுக்கு இதைச் செய்யாதீர்கள், அது ஏற்கெனவே சப்பை. முழு நேரம் கொடுங்கள். இதற்காகவே ரோலைக் காட்சிக்குக் காட்சி கலக்காமல், வெயில் ரோல், மூடுபனி ரோல் என்று பென்சிலால் எழுதி வையுங்கள்.

120க்கு பாட்டர்சன் தொட்டியில் 500 மில்லி வேண்டும், 35 மிமீக்கு ஊற்றும் 290 மில்லி பத்தாது, மேல் ஓரம் வெளுத்துப்போகும். இருட்டில் பிலிமைத் தாளிலிருந்து பிரிக்கும்போது நுனியில் ஒட்டியுள்ள டேப்பை வெடுக்கென்று உரிக்காதீர்கள். வறண்ட காற்றில் டேப் உரியும் இடத்தில் மெல்லிய ஒளி மின்னும், அது முதல் பிரேமுக்குப் பக்கத்தில் புகையாகப் பதியலாம். மெதுவாக உரியுங்கள், அல்லது டேப்பைப் பிலிம் மேலேயே மடித்து ஒட்டிவிட்டு அந்த விறைப்பான முனையை ரீலில் முதலில் ஏற்றுங்கள். அகல பிலிம் ரீலில் ஏற அது உதவியாகவும் இருக்கும்.

ஜூலையில் ஜோபர்க் குழாய்த் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருக்கும். டெவலப்பரை மட்டும் 20க்குக் கொண்டுவந்து மற்றதைக் குழாயிலிருந்து ஊற்றினால், கிரெய்ன் கொத்துக் கொத்தாகும் அபாயம் உண்டு, ஃபிக்ஸரும் மெதுவாகும். ஒரு பக்கெட்டில் வெந்நீர் கலந்து 21 டிகிரியில் வைத்து, டெவலப்பர், ஸ்டாப், ஃபிக்ஸர், கழுவ வேண்டிய மூன்று லிட்டர் தண்ணீர் எல்லாவற்றையும் பாட்டிலோடு அதற்குள் நிறுத்துங்கள். இல்ஃபோர்ட் முறையில் கழுவினால் 5, 10, 20 முறை கவிழ்த்து மூன்று தண்ணீரே போதும்.

உலர்த்தும் இடம் குளியலறை. உள்ளே போகும் முன் ஷவரில் வெந்நீரை இரண்டு நிமிடம் ஓட விட்டால் தூசி கீழே படியும், நிலைமின்சாரமும் அடங்கும். கடைசித் தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லி வெட்டிங் ஏஜென்ட் (நீர்த்துளிக் கறை படியாமல் காக்கும் திரவம்), கீழ் முனையில் கனமான கிளிப், கதவை மூடி மூன்று மணி நேரம். காய்ந்ததும் மூன்று மூன்று பிரேமாக வெட்டி உடனே உறையில் போடுங்கள். ஹைவெல்ட் (ஜோபர்க் பீடபூமி) குளிரில் வெட்டாமல் தொங்கவிட்ட 120 பிலிம் காலைக்குள் சுருண்டுவிடும், பிறகு ஸ்கேனரில் தட்டையாகப் படுக்காது.